முதல் மண் எந்த ஊரில்?

சொர்ணலதா: இப்படி வார்டு வாசல்லயே நின்னுட்டா எப்படிங்க மாமா? உள்ள வாங்க.

மாதப்பன்: இரும்மா... படி ஏறி வந்தது மூச்சு வாங்குது.

சொர்ணலதா: லிஃப்ட்லதான வந்தீங்க?

மாதப்பன்: சரி விடு. உங்கப்பாகிட்ட பேசி எத்தனை காலமாச்சு தெரியுமா? உங்க அத்தை செத்த அன்னிக்குக்கூட அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு நின்னோம். இப்ப திடீர்னு வான்னா...

சொர்ணலதா: அவரேதான் "மாப்ளைக்குப் போன் போடு"ன்னாரு. எனக்கே நம்ப முடியல. ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க மாமா. ரயில் பேச்சை நீங்களா எடுக்காதீங்க.

மாதப்பன்: அவரே எடுத்தா?

சொர்ணலதா: எடுத்தா... ஹனூர்தான் ஜெயிச்சுதுன்னு சொல்லிருங்க.

மாதப்பன்: நானா? என் வாயாலயா?

சொர்ணலதா: நாளைக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம். இனி இங்க வெச்சிருந்து பிரயோஜனம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பாகிட்ட மட்டும் குணமாயிருச்சுன்னு சொல்லியிருக்கேன்.

மாதப்பன்: ஐயோ... லதா...

சொர்ணலதா: மூஞ்சியைத் தொடச்சிட்டு வாங்க. கண்டுபிடிச்சிருவாரு.

ஆறுமுகசாமி: யாரும்மா அங்க, வாசல்ல குசுகுசுன்னு?

சொர்ணலதா: மாமா வந்திருக்காருங்கப்பா. சாம்ராஜ்நகர் மாமா.

ஆறுமுகசாமி: வாங்க மாப்ள. ஒத்தையாவா வந்தீங்க? உங்க போராட்டக் குழு எங்க? கொடி எங்க?

மாதப்பன்: கொடியைக் கீழ வாட்ச்மேன் புடுங்கிட்டான் மச்சான்.

ஆறுமுகசாமி: ஹ... ஹ... இருமல் வர வைக்காதீங்க. உக்காருங்க. லதா, அந்த ஸ்டூலை இழுத்துப் போடு. இளைச்சுட்டீங்களே மாப்ள?

மாதப்பன்: நானா? நீங்கதான் போர்வைக்குள்ள எங்க இருக்கீங்கன்னு தேட வேண்டியிருக்கு.

ஆறுமுகசாமி: இங்க போடற சோத்துக்கு இதுவே அதிகம். கேட்டீங்களா... ஊதுது பாருங்க.

மாதப்பன்: ரயிலா?

ஆறுமுகசாமி: உங்க ஊர் வண்டி. ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்குதுல்ல, படுத்தா எந்திரிச்சா இந்தச் சத்தம்தான். இந்த மைசூர்ல வந்து படுத்தும் உங்க ஊரு எனக்கு அழகு காட்டுது.

மாதப்பன்: எங்க ஊரோட முட்டிக்கிட்டு நிக்கற வண்டிதானே மச்சான். அதைத் தாண்டி எங்க போச்சு?

ஆறுமுகசாமி: ஆமா. எங்க போச்சு...

சொர்ணலதா: அப்பா, கஞ்சி குடிக்கறீங்களா?

ஆறுமுகசாமி: பேச்சை மாத்தாதம்மா. வெள்ளைக்காரன் மலை இறங்கித் தமிழ்நாட்டுக்கு ரயில் விடறேன்னு அளந்தான், கல்லு நட்டான், போயிட்டான். எந்தக் கல்லுகிட்ட மொத மண்ணை வெட்டறதுன்னு மட்டும் சொல்லாமப் போயிட்டான். சாம்ராஜ்நகர்னு நீங்க. ஹனூர்னு நான்.

மாதப்பன்: ஆரம்பிக்கற ஊருக்குத்தான் ரயில் வரும், மறுமுனை பாதியில நின்னுரும்னு ரெண்டு பேருக்கும் பயம்.

ஆறுமுகசாமி: நெசந்தானே? அளக்க வந்தவங்களை ஹனூர் ரோட்டுல படுத்து மறிச்சது யாரு?

மாதப்பன்: எங்க ஆளுங்க. எங்க ஊர்ல ஆரம்பிச்சப்ப கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினது?

ஆறுமுகசாமி: நான்தான். வக்கீல்கூட வேண்டாம்னான்.

சொர்ணலதா: போதுங்கப்பா. மூச்சு இழுக்குது பாருங்க.

ஆறுமுகசாமி: இழுக்கட்டும். இப்ப எந்த மட்டுல இருக்குது மாப்ள? படுத்துட்டனா, ஒண்ணும் காதுக்கு வரல.

மாதப்பன்: அது வந்து... முடிவாயிருச்சு மச்சான்.

ஆறுமுகசாமி: என்னன்னு?

மாதப்பன்: ஹனூர்னு.

ஆறுமுகசாமி: என்னைப் பாத்துச் சொல்லுங்க.

மாதப்பன்: ஹனூர்லதான் ஆரம்பிக்கறாங்க. நீங்க ஜெயிச்சுட்டீங்க.

ஆறுமுகசாமி: அப்படியா... மொத மண்ணு எங்க வெட்டறாங்க?

மாதப்பன்: அங்கதான்... சந்தை கூடற இடத்துக்குப் பின்னாடி.

ஆறுமுகசாமி: உங்க ஆளுங்க மறிக்கலையா?

மாதப்பன்: நான்தான் விடுங்கடான்னுட்டேன். எத்தனை நாளைக்கு?

ஆறுமுகசாமி: ம்... நல்லாத்தான் இருக்குது கேக்கறதுக்கு. ஆனா வேண்டாம் மாப்ள. உங்க ஊர்லயே ஆரம்பிக்கச் சொல்லுங்க.

மாதப்பன்: என்னது?

ஆறுமுகசாமி: தண்டவாளம் அங்க வரைக்கும் இருக்குதுல்ல. அதுலேருந்து நீட்டறதுதான் முறை. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

மாதப்பன்: அதையேதான மச்சான் நான் தொண்டை கிழியக் கத்தினேன்! அப்ப நீங்க...

ஆறுமுகசாமி: இப்ப நான் சொல்றேன், சாம்ராஜ்நகர்.

மாதப்பன்: அதெல்லாம் முடியாது. ஹனூர்தான். ஆஸ்பத்திரிக்குன்னா மைசூருக்குப் பஸ்ஸுல குலுங்கி வர்றது உங்க ஜனம். உங்களுக்குத்தான் மொதல்ல வேணும்.

ஆறுமுகசாமி: நான் விட்டுக் குடுக்கறேங்கறேன்...

மாதப்பன்: நானும்தான் குடுக்கறேங்கறேன்! உங்ககிட்ட தானம் வாங்கவா வந்தேன்?

சொர்ணலதா: ஐயோ, நிறுத்துங்க! ரெண்டு பேரும் நிறுத்துங்க! விட்டுக் குடுக்கறதுக்கும் சண்டையா? இதை அத்தை இருந்தப்பப் பண்ணியிருந்தா என்ன?

மாதப்பன்: லதா, மெதுவா. மத்தவங்க பாக்கறாங்க.

சொர்ணலதா: பாக்கட்டும். மாமா, அத்தை மாசாமாசம் மாதேஸ்வரன் மலைக்குப் போறேன்னு உங்ககிட்ட சொல்லுமே, ஞாபகம் இருக்குதா?

மாதப்பன்: வேண்டுதல்னா.

சொர்ணலதா: வேண்டுதலும் இல்ல, மலையும் இல்ல. பாதி வழியில கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் வரும். நான் ஹனூர்லேருந்து துணி எடுக்கப் போறேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு வருவேன். கல்லு பெஞ்சுல உக்காந்து ரெண்டு பேரும் தோசை திம்போம்.

ஆறுமுகசாமி: என்னம்மா சொல்ற...

சொர்ணலதா: "எங்கண்ணனுக்கு இருமல் நின்னுச்சா? முருங்கை இன்னும் காய்க்குதா?" இதான் கேக்கும். ஹனூர் பஸ் கிளம்பறப்பப் படிகிட்ட வந்து கம்பியைப் புடிச்சுக்கும். ஏறாது. "உங்க மாமா மனசு நொந்துபோகும்"னு கையை எடுத்துரும். கடைசித் தடவை கண்டக்டர் "ஏறம்மா, ஏறம்மா"ன்னு திட்டினாரு...

மாதப்பன்: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவ. மாதேஸ்வரன் பிரசாதம்னு திருநீறு குடுப்பாளே...

சொர்ணலதா: பஸ் ஸ்டாண்டுக் கடையில வாங்கினது மாமா.

மாதப்பன்: கேட்டீங்களா மச்சான்?

ஆறுமுகசாமி: தங்கச்சி சித்தம்மாளுக்கு நான் கடைசியாப் பொறந்த வீட்டுச் சேலை எடுத்து அனுப்பினது எப்பன்னுகூட ஞாபகம் வரல. அவ என் இருமலைக் கேட்டிருக்கா.

மாதப்பன்: நானும் ஒரு தடவைகூட, உங்கண்ணன் வீட்டுக்குப் போய்ட்டு வான்னு சொன்னதில்ல.

ஆறுமுகசாமி: தண்ணி குடும்மா.

சொர்ணலதா: மெதுவாங்கப்பா... நான் பேசியிருக்கக்கூடாது. மன்னிச்சிருங்க.

ஆறுமுகசாமி: இல்ல. நல்லா இருந்துச்சு. அவ தோசை தின்னான்னு கேக்க நல்லா இருந்துச்சு.

மாதப்பன்: ஒண்ணு கேக்கட்டுங்களா மச்சான்? அத்தனை காலம் விடாததை இன்னிக்கு எதுக்கு விடறீங்க? ஹனூர்னு நான் சொல்லியும் சந்தோஷமே இல்லையே உங்க முகத்துல?

ஆறுமுகசாமி: பக்கத்துக் கட்டில்காரர் போன்ல நியூஸ் ஓடுச்சு மாப்ள. ரெண்டு ஊரும் அடிச்சுக்குது, எந்த ஊருக்கும் வேண்டாம்னு லைனையே கைவிட்டுட்டாங்க. நாளைக்கு என்னை எதுக்கு ஊருக்குக் கொண்டு போறாங்கன்னும் தெரியும், லதா அழாத... அந்த நியூஸைப் பாத்த பொறவுதான் உங்களுக்குப் போன் போடச் சொன்னேன். லைன் உசுரோட இருந்திருந்தா நானும் கூப்பிட்டிருக்க மாட்டேன், நீங்களும் வந்திருக்க மாட்டீங்க.