சத்தம் கேட்டா ஓடணும்

வள்ளித்தாய்: மாமா, கதவைத் தெறங்க. ஆளு வந்திருக்காக.

ஊர்க்காவலன்: எந்த ஆளு? ஆஸ்பத்திரிக்காரகன்னா போகச் சொல்லு.

வள்ளித்தாய்: இல்ல மாமா, நாந்தான் வரச் சொன்னேன். ஆனைக்குட்டத்துக்காரரு, முனியராஜுன்னு... பட்டாசுக் கம்பெனியில வேலை பாத்தவரு.

ஊர்க்காவலன்: சக்கர நாக்காலி வண்டிய கதவுல முட்டுக் குடுத்து ஒக்காந்திருக்கேன். நகத்த மாட்டேன்.

முனியராஜ்: நகத்த வேண்டாம்ணே. நான் இங்கன வெளியவே இருக்கேன். யக்கா, நீங்க போயி பிள்ளையப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வாங்க.

ஊர்க்காவலன்: என் பொண்டாட்டிய ஏன் வெரட்டுத?

முனியராஜ்: அக்கா இருந்தா நீங்க வாயத் தெறக்க மாட்டீகளே.

ஊர்க்காவலன்: ...போயிட்டாளா?

முனியராஜ்: தெருமுக்குத் திரும்பிட்டாக.

ஊர்க்காவலன்: ஆஸ்பத்திரியில இப்படித்தான். வண்டியில ஒக்காந்த ஆளுகளாக் கூட்டியாந்து, இவரைப் பாருங்க, அவரைப் பாருங்கன்னு... மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். நீயும் எவனையாச்சும் கூட்டியாந்திருக்கியா?

முனியராஜ்: யாரையும் கூட்டியாரல. நான் மட்டுந்தான். எப்படிண்ணே அடிபட்டுச்சு?

ஊர்க்காவலன்: வெடிச்சுக்கூட இல்ல, பாத்துக்க. பட்டாசுப் பெட்டி லோடு ஏத்தையில லாரி மேல இருந்து வழுக்கி விழுந்தேன். சிரிப்பா இருக்கா?

முனியராஜ்: கொஞ்சம்.

ஊர்க்காவலன்: ...ஒனக்குக் கொழுப்புதான்.

முனியராஜ்: முதுகுப் புண்ணு ஆறிருச்சா? காலு எரியுதா? கிள்ளுனாத் தெரியாது, ஆனா தீயா எரியுமே...

ஊர்க்காவலன்: டாக்டருக்குப் படிச்சியோ?

முனியராஜ்: பத்தாப்பு பெயிலு. அதை விடுங்க. போன வாரம் வரைக்கும் வாசல் நடையில வந்து ஒக்காந்தீகளாம்ல. இப்ப என்ன?

ஊர்க்காவலன்: பக்கத்துக் கம்பெனியில வெடிச்சது தெரியும்ல?

முனியராஜ்: தெரியும்.

ஊர்க்காவலன்: ஊரே ஓடுச்சு. வள்ளி பிள்ளையத் தூக்கிட்டு ஓடுனா. நான் கட்டில்ல கெடந்தேன்.

முனியராஜ்: அக்கா திரும்பிப் பாக்கலையா?

ஊர்க்காவலன்: வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் குடுக்கதுதான. சத்தம் கேட்டா ஓடு, திரும்பிப் பாக்காத. அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். சரியாத்தான் ஓடுனா.

முனியராஜ்: பொறகு?

ஊர்க்காவலன்: கண்மாய்க்கரை போனபொறகுதான் என் ஞாவகமே வந்திருக்கு. திரும்பி ஓடியாந்து என் காலைப் பிடிச்சு அழுதா. அவ பிடிச்சது எனக்குத் தெரியல, தம்பி. பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

முனியராஜ்: அக்கா மேல கோவமா?

ஊர்க்காவலன்: கோவமில்ல, பயம். அடுத்த தடவை அவ ஓடமாட்டா. எனக்காக நின்னுருவா. பிள்ளையும் நிக்கும். என்னால அதுக சாகணுமா?

முனியராஜ்: நேராக் கேக்கேன். நாம செத்துட்டா நல்லதுன்னு தோணுதா?

ஊர்க்காவலன்: இதெல்லாம் எதுக்குக் கேக்க?

முனியராஜ்: சொல்லுங்கண்ணே.

ஊர்க்காவலன்: தோணுது. காலையில இருந்து அதான் ஓடுது மண்டைக்குள்ள.

முனியராஜ்: வேற யார்ட்டயாச்சும் சொன்னீகளா?

ஊர்க்காவலன்: ஒன்ட்டதான்.

முனியராஜ்: சொன்னீகளே, நல்லது. அக்கா வரவும் அவுகட்டயும் சொல்லுவோம். நாளைக்கு டாக்டரப் பாப்போம். அதுவரைக்கும் நான் இங்கன இருந்து போகமாட்டேன்.

ஊர்க்காவலன்: போடா. இப்ப ஒரு சத்தம் கேட்டா மொத ஆளா நீதான் ஓடுவ.

முனியராஜ்: ஓடமாட்டேன்.

ஊர்க்காவலன்: எல்லாவனும் அப்படித்தான் சொல்லுவான். நீ நெனைச்சாலும் காலு நிக்காது. அது பாட்டுக்கு ஓடும்.

முனியராஜ்: நான் ஓடமாட்டேண்ணே.

ஊர்க்காவலன்: ...ஏலே, ஒன் கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?

முனியராஜ்: உச்சி வெயில்ல இருக்கேன்ல. தொண்டை காஞ்சுபோச்சு.

ஊர்க்காவலன்: பொறு... ம்... இந்தா, வண்டிய நகத்திட்டேன். கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. தள்ளிட்டு உள்ள வாலே, பானையில தண்ணி இருக்கு.

முனியராஜ்: வந்துருவேண்ணே... ஒங்க வாசல்ல ரெண்டு படி இருக்கே, என் சக்கர வண்டியும் ஏறாது. தண்ணிய நீங்கதான் கொண்டாரணும்.