ஞாயிற்றுக்கிழமைக்கு வராத சந்தை

மாவட்டத்தின் மாண்பையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு மையத்தில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! ஹனோயிலிருந்து புறப்பட்டு, வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து, வாடிய முகத்தோடு வந்து சேர்ந்திருக்கும் முதலீட்டாளப் பெருமக்களே! லுங் சா மலையின் ஹ்மாங் குலத்துப் பெரியவர்களே! விடியுமுன்னே வேனில் ஏற்றிவரப்பட்டு, பின்வரிசை நாற்காலிகளை நிரப்பிக்கொண்டு, சாப்பாட்டுப் பொட்டலம் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் தாய்மார்களே! மாதர் சங்கத் தலைவி சுங் மாய் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இனிமேல் சிரிப்பதற்கு என்னிடம் அதிகம் இல்லை.

என் தலைக்கு மேலே சிவப்புத் துணியில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள்: "மலை எல்லை மாகாணத்தில் முதலீட்டு, வணிக வாய்ப்புகள்." வாய்ப்பு உண்டா? உண்டு! ஏலக்காய் உண்டு, தேன் உண்டு, கறுப்புப் பன்றி உண்டு, கண்ணாடி போல் தெளிந்த சோளச் சாராயம் உண்டு. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் வாங்குவதற்கு ஆள் உண்டு. அவர்களும் எங்கள் மொழி பேசுகிறவர்கள்தான், பாதிப் பேர் எங்களுக்குச் சம்பந்திகள். விற்கிறவன் இருக்கிறான், வாங்குகிறவன் இருக்கிறான். பிறகு ஏன் எங்கள் மலை இப்படி இழவு வீடு போல் கிடக்கிறது?

ஒரு கதை சொல்கிறேன். என் கூடப்பிறந்த அண்ணன் சுங் பாவின் கதை.

எங்கள் சந்தை பாம்பு நாளில் கூடும், பன்றி நாளில் கூடும். நாட்களுக்குப் பன்னிரண்டு விலங்குகளின் பெயர் வைத்து எண்ணுகிறவர்கள் நாங்கள். அந்தக் கணக்கில் ஆறு நாளைக்கு ஒரு சந்தை. உங்கள் வாரத்துக்கோ ஏழு நாள். அதனால் எங்கள் சந்தை ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பின்வாங்கும். இம்முறை ஞாயிறு என்றால் அடுத்தது சனி, அதற்கும் அடுத்தது வெள்ளி. மலையில் தவழும் பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்ததாலேயே யாரும் யாருக்கும் சொல்லுவதில்லை.

நான்கு வருடங்களுக்கு முன்னால், இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாரே தம்பி ஹூங், சந்தைக் கூடம் கட்ட வந்த கம்பெனியின் மேலாளர், அவர் இடம் பார்க்க வந்தார். வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கெட்ட நேரம், அன்று பாம்பு நாள். சந்தையில் கால் வைக்க இடமில்லை. குதிரைக்கறிக் கொப்பரைகள் கொதிக்கின்றன, பன்றிகள் கத்துகின்றன, எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் பேரம் பேசுகிறார்கள். தம்பி அசந்து போனார். பக்கத்தில் நின்ற என் அண்ணனைக் கேட்டார்.

"அண்ணே, இம்புட்டுக் கூட்டம் எப்பவும் வருமா?"

"வராம? எங்கப்பன் காலத்துலேர்ந்து வருது தம்பி."

"மழை, பனி வந்தா?"

"பனியாவது கினியாவது! வர்றவன் வந்துக்கிட்டேதான் இருப்பான். நீ ஒரு கிண்ணம் ஊத்திக்க."

கேட்டவரும் உண்மையாகத்தான் கேட்டார். சொன்னவரும் உண்மையைத்தான் சொன்னார். என்றைக்கு வரும் என்று அவர் கேட்கவில்லை, என்றைக்கு என்று இவர் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வி இல்லாமல் போனதில் ஒரு குடும்பம் போயிற்று, பெருமக்களே!

அண்ணனுக்கு இருந்தது ஒரே வயல். பாறைப் பள்ளங்களில் கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி எங்கள் முன்னோர் உண்டாக்கிய வயல். அதைச் சந்தைக் கூடத்துக்குக் கொடுத்தார். பதிலுக்கு உள்ளே ஒரு கடை. "மாய், இனிமே நம்ம மழையில நனைஞ்சுக்கிட்டு யாவாரம் பண்ண வேணாம்" என்று குழந்தை போலச் சிரித்தார். கூடம் எழுந்தது. கூரை வந்தது, குழல்விளக்கு வந்தது, கழிப்பறைக்குக் கண்ணாடி கூட வந்தது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. தாரை முழங்கியது, தலைவர்கள் வந்தார்கள். ஆட்கள்? சந்தைதான் செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டதே!

என்ன அம்மா அங்கே? உரக்கச் சொல்லுங்கள். "கம்பிய மறந்துட்டியே" என்கிறார்கள். மறப்பேனா தாயே? அங்கேதான் வருகிறேன்.

கூட்டம் வரவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும்? ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். என்ன செய்தார்கள்? பழைய சந்தை மைதானத்தைச் சுற்றி முள்கம்பி கட்டினார்கள். அங்கே போக முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துதானே ஆக வேண்டும் என்று கணக்கு. எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் பன்றி நாளில் கம்பிக்கு வெளியே நின்றார்கள், பார்த்தார்கள், திரும்பினார்கள். அடுத்த பாம்பு நாளில் பாதிப் பேர். பிறகு யாருமில்லை. இப்போது அவர்கள் மலையிலேயே அவர்களுக்கு ஒரு சந்தை. எங்களிடம் கூடமும் இருக்கிறது, மைதானமும் இருக்கிறது. சந்தை மட்டும் இல்லை.

அண்ணன் கரும்பு வெட்ட எல்லை தாண்டிப் போனார். போய் இரண்டு அறுவடை ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிறார் என்று ஒருவர் சொல்கிறார், இல்லை என்று இன்னொருவர் சொல்கிறார். அண்ணி தூவா ஞாயிறுதோறும் கடையைத் திறக்கிறாள், சுற்றுலாப் பேருந்தில் வருகிறவர்கள் அவள் பூவேலைப் பாவாடையைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எதற்கு அண்ணி திறக்கிறாய் என்று கேட்டேன்.

"இது அவரு வயலுடி. மூடி வெச்சா, வந்து பாக்கறப்ப மனசு விட்டுப் போயிருவாரு."

எனக்கு அழுகைதான் வந்தது. இப்போதும் வருகிறது.

பெரியோர்களே, இன்று இரண்டாவது திட்டம். லாரி நிறுத்துமிடமும் குளிர்க் கிடங்கும். முதல் கூடம் தோற்றதற்குக் காரணம் அது சிறியதாம்! அதற்கு வேண்டிய நிலத்தில் என் வயலும் ஒன்று. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். நான் பேசி முடித்ததும் கையெழுத்துப் போட அந்த மேசையில் பூ வைத்துக் காத்திருக்கிறார்கள். போடுகிறேன். மனமாரப் போடுகிறேன். அதற்கு முன், தம்பி ஹூங், எழுந்து ஒரு பதில் சொல்லுங்கள். கம்பியை அறுத்துவிட்டு, பாம்பு நாளிலும் பன்றி நாளிலும் சந்தையை விடுவீர்களா?

நீங்களே கேளுங்கள் தாய்மார்களே, என்ன சொல்கிறார் என்று.

"அக்கா, கோச்சுக்காதீங்க. டூர் பஸ்ஸெல்லாம் ஞாயித்துக்கெழமைதான் வருது. நாள மாத்துனா மேல ஒத்துக்க மாட்டாங்க."

நன்றி தம்பி. உட்காருங்கள். இந்த அரங்கில் இன்று பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

முதலீட்டாளர்களே, கேட்டுக்கொண்டீர்களா? விற்கிறவனுக்காகவும் அல்ல, வாங்குகிறவனுக்காகவும் அல்ல, வேடிக்கை பார்க்கிறவனுக்காக ஒரு சந்தை! அதில் உங்கள் பணத்தைப் போடுவது உங்கள் விருப்பம். என் மண்ணை நான் போட மாட்டேன். மாட்டேன் என்றால் மாட்டேன்!

கைதட்டாதீர்கள். இது வெற்றி அல்ல. என் வயலுக்கு ஊற்றுத் தண்ணீர் வரும் குழாய் இப்போது உங்கள் நிலத்துக்குள் போய்விட்டது. நாளை அதை அடைக்கலாம். பாதையை மறிக்கலாம். என் சோளம் கதிர் பிடிக்குமா என்பது எனக்கே தெரியாது. ஆனால் வயலில் களை இருக்கிறது. எடுக்க ஆள் நான் ஒருத்திதான்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துவிட்டேன் ஐயா. இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட எல்லோருக்கும் நன்றி. மேசையில் இருக்கும் பூவை அண்ணி தூவாவிடம் கொடுத்துவிடுங்கள், அண்ணன் படத்துக்கு வைக்கலாமா கூடாதா என்று அவளே முடிவு செய்யட்டும். வணக்கம்.