நீர்நாய்த் தாயின் குரல்

எந்தப் படத்தையும் நடுவிலிருந்து பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது, சார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். திருப்போரூரில் கொட்டகைக்குப் போய்ச் சேரும்போது பெயர் போட்டு முடித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் உள்ளே போகமாட்டேன். அடுத்த ஆட்டம் வரை வாசலில் கடலை கொறித்துக்கொண்டு நிற்பேன். கூட வந்தவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். ஒரு கதையை அதன் ஒழுங்கில் பார்க்கவில்லை என்றால் பார்க்காமலே இருந்துவிடலாம் என்பது என் கட்சி.

வேலையும் அதற்கேற்றாற்போல அமைந்தது. ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். அடுத்தவர் எழுதிய புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று படிப்படியாகச் சோதித்துப் பார்ப்பது. நடுவில் ஒரு படி தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, மறுபடி முதலிலிருந்துதான். இதில் கோபத்துக்கு வேலையே இல்லை. கிருபாகரன் கோபக்காரன் என்று கேளம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியில் யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர்களுக்கு என்னைத் தெரியாது என்றுதான் அர்த்தம்.

என் மனைவி ஹெலனுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. பெண் குழந்தை. நான் பார்க்கவில்லை. ஹெலனுடைய தம்பி ஸ்டான்லிதான் ஆஸ்பத்திரியில் கையில் வாங்கி, துணியில் சுற்றி, கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனான். நான் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, தொட்டில் வாங்கிய அட்டைப் பெட்டியை மடித்துப் பரணில் போட்டேன். யாராவது ஒருவர் ஆகவேண்டியதைப் பார்க்க வேண்டுமே. அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி?

அதற்குப் பிறகு ஹெலன் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே இருப்பாள். ஒரு நாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது டிவியில் கார்ட்டூன் படம் ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு ஸ்டூடியோ ஒன்று எடுத்தது, தமிழில் டப்பிங் செய்தது. மலையடிவாரத்து ஆற்றில் ஒரு நீர்நாய்த் தாய் வெள்ளத்தில் தன் குட்டியைப் பறிகொடுத்துவிட்டு, கரையோரமாகக் கூப்பிட்டுக்கொண்டே போகிறது. ஹெலன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அல்லது டிவி இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது ஒரு நல்ல அறிகுறியாகப் பட்டது.

அந்த ஸ்டூடியோ எடுத்த படங்களைப் பற்றி இணையத்தில் தேடிப் படித்தேன். ரசிகர்கள் ஒரு கோட்பாடு வைத்திருக்கிறார்கள், சார். அத்தனை படமும் ஒரே உலகத்தில் நடக்கிறது என்கிறார்கள். வெளிவந்த வரிசை வேறு, நடந்த வரிசை வேறு. முதலில் நீர்நாய், பிறகு பேசும் கலங்கரை விளக்கம், பிறகு தபால் படகு, இப்படியே போய்க் கடைசியில் மனிதர்கள் விட்டுப்போன துறைமுகம். அங்கே துருப்பிடித்த கிரேன் ஒன்று தண்ணீரிலிருந்து ஒரு நீர்நாய்க் குட்டியைத் தூக்கிக் கரையில் வைக்கும். தொலைந்தது கிடைத்துவிடும். ஆனால் முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்த்துவந்தவர்களுக்குத்தான் அது தெரியும். மற்றவர்களுக்கு அது வெறும் கிரேன்.

கோட்பாட்டை எழுதியவர்களுக்கே தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்தேன். நீர்நாய்த் தாய்க்கும் கலங்கரை விளக்கத்துக்கும் படகுக்கும் கிரேனுக்கும் ஒரே குரல். கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிபார்த்தேன். தாய் ஒவ்வொரு பிறவியாகத் தன் குட்டியைத் தேடிக்கொண்டு வருகிறாள். அதைக் கண்டுபிடித்த அன்று, ஆபீஸ் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எதற்கு என்று எனக்கே புரியவில்லை.

எல்லாப் படத்தையும் வரிசையாகப் பார்த்தால் மனசு தேறிவிடும் என்று ஹெலனிடம் விளக்கமாகச் சொன்னேன். "சரிங்க, பாக்கலாம்" என்றாள். ஆக அவள் சம்மதித்துத்தான் ஆரம்பித்தோம். இது முக்கியம்.

ஆனால் பார்க்கவிட்டால்தானே. இரண்டாவது படத்தின் நடுவில் எழுந்துபோய்க் குக்கரை இறக்கினாள். மறுபடி முதல் படத்திலிருந்து போட்டேன். அடுத்த முறை அவளுடைய அம்மா எல்லம்மாள் போன் செய்தார்கள். முதலிலிருந்து. அதற்கடுத்த முறை தபால் படகு புயலில் மாட்டுகிற இடத்தில் தலை தொங்கிவிட்டது, தூங்கிவிட்டாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். நாலாவது படத்தைத் தாண்டுவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. ஆபீசில் ஒரு நாள் முழுக்க மாரடித்துவிட்டு, கேளம்பாக்கம் சந்திப்பு நெரிசலில் மிதிபட்டு வீடு வந்தால், இங்கேயும் அதே நீர்நாய், அதே வெள்ளம். எனக்கு மட்டும் ஆசையா, சார்? அவள் ஒரே ஒரு தடவை ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

எனவே சில ஏற்பாடுகள் செய்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரைதான் தூக்கத்துக்குக் காரணம் என்பதால் அதை நிறுத்தினேன். அவளுடைய போனை என் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டேன். எல்லம்மாள் அத்தை இரண்டு முறை நேரில் வந்தார்கள். படம் முடியட்டும், நானே அழைத்து வருகிறேன் என்று வாசலிலேயே பக்குவமாகச் சொல்லி அனுப்பினேன். பகலில் அவள் பக்கத்து வீட்டில் போய் சீரியல் பார்த்து மனதைக் குழப்பிக்கொண்டதால், ஆபீஸ் போகும்போது பூட்டிக்கொண்டு போனேன். வீட்டைப் பூட்டினேன் என்று சொல்கிறார்கள். அது தவறு. கிரில் கேட்டைத்தான் பூட்டினேன். மரக்கதவு திறந்தேதான் இருந்தது. காற்று நன்றாக வரும்.

இப்படியாக, கடைசிப் படத்துக்கு முந்தைய படம் வரை வந்துவிட்டோம். அன்று சனிக்கிழமை. இன்னும் ஒன்று பாக்கி. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவன் போலக் காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கடைசிப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்டான்லி வந்தான்.

ஸ்டான்லி நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் எலக்ட்ரீஷியன். நல்ல பையன் என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அக்காவுக்குப் பிடிக்கும் என்று இறால் வாங்கி வந்திருந்தான். அக்கா போன் ஏன் எடுப்பதில்லை என்று கேட்டான். படம் முடிந்ததும் பேசலாம் என்றேன். சரி என்று தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அவனும் பார்த்தான். கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் இருந்தான். பிறகு சிரித்தான்.

"இன்னா மாமா, இந்தக் கொரலு துணி சோப்பு வெளம்பரத்துல வர்ற அம்மாதான? எந்த கார்ட்டூன் போட்டாலும் அதே அம்மாதான் டப்பிங் பேசிகினு கீது."

சொல்லிவிட்டு அந்த சோப்பு விளம்பரத்தை அதே குரலில் பேசிக் காட்டினான். இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டு, மறு கையால் கறையைத் தேய்க்கிற மாதிரி.

ஹெலன் சிரித்தாள்.

குழந்தை போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். பிறகு எழுந்து, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இறால் பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். தம்பியும் பின்னாலேயே போனான். அங்கே இருவரும் பேசிக்கொண்டே இறால் உரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் டிவியை அணைத்தேன். இத்தனை மாத உழைப்பு ஒரு சோப்பு விளம்பரத்தில் போயிற்று. உங்களுக்கு அந்த எரிச்சல் புரியும் என்று நினைக்கிறேன். யாருடைய நன்மைக்காக இதையெல்லாம் செய்தேன்?

சாப்பிட்ட பிறகு ஸ்டான்லி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அக்காவை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னான். கேட்கவில்லை, சொன்னான். நான் மறுக்கவில்லை. நாளைக்கு அனுப்புகிறேன், காலையில் உன்னோடு கடற்கரைக்கு வருகிறேன், கொஞ்சம் பேச வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தூண்டில் வளைவில் உட்கார்ந்து மீன் பிடிப்பான். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி வைத்திருக்கிறார்களே, அதில். பிடிப்பான் என்பது பெயருக்குத்தான். அவர்கள் குடும்பம் தலைமுறையாக நெல் வயலில் கூலி வேலை செய்தது, கடலுக்குப் போனதில்லை. அவனுக்கு நீச்சல் தெரியாது. அது எனக்குத் தெரியும்.

காலையில் போனோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. அவன் வழக்கமாகக் கரைப்பக்கம்தான் உட்காருவான். கல்லின் நுனியில்தான் மீன் அதிகம் என்று நான் சொன்னதால் அங்கே வந்தான். பாசியில் கால் வழுக்கியபோது என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நேற்று சொன்னது தப்பு, அது டப்பிங் குரல் இல்லை, ஒரே தாயின் குரல்தான் என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. பிறகு கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டு அவள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். இது நியாயமான கோரிக்கை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அவன் தூண்டில் கயிற்றைச் சுற்றி முடித்தான். பிறகு மெதுவாகத்தான் சொன்னான்.

"மாமா, அது டப்பிங் கொரலுன்னு அக்காவுக்கு மொத நாளே தெரியும். நேத்து அடுப்பங்கரைல என்கிட்ட சொல்லிச்சு. கொழந்தய நீங்க பாக்கவும் இல்ல, அழுவவும் இல்ல. இந்தப் படத்தப் பாக்கறப்பத்தான் உங்க மூஞ்சி மனுஷன் மூஞ்சி மாதிரி கீதாம். அதுக்குத்தான் அது உக்காந்துகினு கீது. உங்களுக்காக. இப்ப அதால முடியல மாமா. வுட்டுடுங்க."

அவன் சொன்னது பொய் என்று எனக்கு உடனே தெரிந்தது. உடம்புக்கு முடியாதவள் அவள். மருந்து அவளுக்கு. அதை எனக்கென்று திருப்பிப் போட்டால் கணக்கே தப்பாகிவிடும். அவனோடு போனால் அவளும் இதையே நம்ப ஆரம்பித்துவிடுவாள், எந்தக் காலத்திலும் குணமாகமாட்டாள். அவன் தூண்டிலை வீச எழுந்து நின்றான். எனக்கு முதுகு காட்டி நின்றான். நான் இரண்டு கையையும் அவன் முதுகில் வைத்துத் தள்ளினேன்.

வழுக்கி விழுந்தான் என்று முதலில் உங்களிடம் சொன்னது நான்தான். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அலை அவனை இரண்டு முறை கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. இரண்டாவது முறை என் கைக்கு எட்டும் தூரம்தான். மாமா என்று கூப்பிட்டான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் தலை தெரியாமல் போன பிறகுதான் கரைக்கு ஓடிவந்து வலைக்காரர்களைக் கூப்பிட்டேன்.

அடக்கம் முடிந்த பிறகு ஹெலனை வீட்டுக்கு அழைத்துவந்தேன். அத்தை விடமாட்டேன் என்று அழுதார்கள். ஹெலன்தான், நான் போறேம்மா என்று எழுந்து வந்தாள். மறுநாள் முதல் படத்திலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை ஒரு குறையும் சொல்ல முடியாது. தினமும் நான் ஆபீசிலிருந்து வரும்போது தானாகவே வந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. தூங்கவில்லை. சிரிக்கவில்லை. கடைசிப் படத்தில் கிரேன் குட்டியைத் தூக்கிக் கரையில் வைத்தது. பெயர்கள் ஓடி முடிகிறவரை பார்த்தாள். இது நம் இருவருடைய உழைப்பு என்று சொல்லவிருந்தேன்.

அப்போது அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"தம்பி கடைசியா இன்னா சொன்னான்?"

இனி அவளிடம் மறைக்க எதுவும் இல்லை. அவள்தான் முழுவதும் பார்த்துவிட்டாளே. கல்லின் நுனி, அவன் சொன்ன பொய், என் கை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இத்தனை மாதமாக நான் எப்படி உட்காரச் சொன்னேனோ, அப்படியே உட்கார்ந்து அவள் கடைசிவரை கேட்டாள். அது டப்பிங் இல்லை, ஒரே தாய்தான் என்று உனக்குப் புரிந்ததா என்று கேட்டேன். "புரிஞ்சிதுங்க" என்றாள்.

அடுத்த நாள் காலையில் கிரில் கேட்டைப் பூட்டாமல் ஆபீசுக்குப் போனேன். இனி அவசியமில்லை என்று பட்டது. என்மேல் புகார் கொடுத்தது ஹெலன்தான் என்று நீங்கள் சொன்னபோது, நான் அதிர்ச்சி அடைவேன் என்று எதிர்பார்த்தீர்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. தம்பியின் அடக்கத்தைத் தவிரப் பல மாதமாக வாசற்படி தாண்டாதவள், சார். யார் துணையும் இல்லாமல் தனியாகக் கீழே இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஸ்டேஷன் வரை வந்து, அழாமல் தெளிவாகப் பேசியிருக்கிறாள். அவள் குணமாகிவிட்டாள் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?