பூமணியின் நாடிப் பதிவேடு

இந்தத் தேநீரில் சீனி சற்றுக் கூடிவிட்டது, இன்ஸ்பெக்டர் தம்பி. குறையாகச் சொல்லவில்லை; பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான் போடுகிறார்கள். சீனி உடம்புக்குத் துரு. ஆனாலும் ஆறுவதற்குள் குடித்துவிடுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் சீவரத்தினம், வயது அறுபத்து மூன்று. முப்பத்து நான்கு வருஷம் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன், கடைசிப் பதினொரு வருஷம் போர்மன். மனைவி பூமணிக்கு வயது ஐம்பத்தெட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து நான் கட்டிக்கொண்டு வந்தவள். ஒரே மகள் ரமணி, கிள்ளானில் குடித்தனம். பட்டறைக்கு எஞ்சின் வந்த தேதி, போன தேதி எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். எழுதிய தேதியை நான் ஒருநாளும் திருத்தியதில்லை. தேதியைத் திருத்துகிறவன் கையில் ஸ்பேனரைக்கூடக் கொடுக்கக் கூடாது.

மேசையில் கிடக்கிறதே ஆங்கிலச் சஞ்சிகை, எல்லாம் அதைப் படித்ததிலிருந்துதான் தொடங்கியது. நானோடெக்னாலஜி என்று ஒன்று வரப்போகிறதாம். கண்ணுக்கே தெரியாத யந்திரங்களை ரத்தத்தில் விட்டால், எறும்புச் சாரி மாதிரி ஊர்ந்து போய்க் குழாய்களில் படிந்த கொழுப்பைச் சுரண்டுமாம், தேய்ந்ததையெல்லாம் சீர்செய்யுமாம். மூப்பு என்பது விதியில்லை, வெறும் பழுது என்று எழுதியிருந்தார் ஒரு விஞ்ஞானி. எனக்குப் புல்லரித்துவிட்டது. நூற்றைம்பது வயது வரைக்கும் இருக்கலாமாம். ஒரே சிக்கல், அதெல்லாம் கைக்கு வர இன்னும் இருபத்தைந்து வருஷமாவது ஆகும்.

உதிரிப் பாகம் சீமையிலிருந்து வரத் தாமதமானால் பட்டறையில் என்ன செய்வோம் தெரியுமா? எஞ்சினை ஓடவிட மாட்டோம். நெருப்பைத் தணித்து, தண்ணீரை வடித்து, கிரீஸ் பூசி, கொட்டகைக்குள் நிறுத்திவிடுவோம். ஓடாத எஞ்சின் தேயாது. பூமணியையும் அப்படித்தான் நிறுத்தி வைத்தேன்.

பின்னறை குளுமையானது. ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். கோயில், சந்தை, பக்கத்து வீட்டு வள்ளியம்மாவோடு கதை, எல்லாம் தேய்மானம்தானே, நிறுத்தினேன். மூன்று வேளைச் சோற்றை ஒரு வேளையாக்கி, பிறகு கஞ்சியாக்கினேன். படபடப்பு வராமலிருக்கத் தூக்க மாத்திரை. கதவைப் பூட்டியதும் நான்தான், சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எதையும் மறைக்கவில்லை.

காலையும் மாலையும் நாடி பிடித்து எழுதினேன். முதல் நாள் எழுபத்தெட்டு. போகப் போக அறுபத்து நான்கு, ஐம்பத்தேழு. நாற்பத்தாறுக்கு இறங்கிய அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, தம்பி. பட்டறையில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

அவளும் தொந்தரவு கொடுக்கவில்லை. ஒருநாள் மட்டும் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சருங்கோ, ஒரு பிடி சோறு தாங்கோ. தண்ணி ஊத்தியாவது தாங்கோ" என்றாள். ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்கவில்லையா என்று சிரித்துக்கொண்டே விரல்களை விடுவித்தேன். விரல்கள் சுள்ளி மாதிரி இருந்தன.

நானும் ஒரு வேளைதான் சாப்பிட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை. காவலுக்கு நிற்பவன் பட்டினி கிடந்தால் யார் பார்த்துக்கொள்வது? காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் பங்சாரில் வாழையிலைச் சாப்பாடு.

ரமணி அப்போது நிறைமாதம். அம்மாவுக்குக் காசநோய், வயிற்றுப் பிள்ளைக்காரி கிட்ட வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். போனில் அழுதாள். பேரன் பிறந்த பிறகு, பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்றேன். பேரன் பிறந்ததைப் பூமணிக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாடி எகிறியிருக்கும்.

தீபாவளிக்கு முந்திய வாரம், வியாழக்கிழமை காலை, நாடி கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் பார்த்தேன். பதிவேட்டில் "பூரண ஓய்வு" என்று எழுதினேன். மத்தியானம் ரமணி என் பேச்சைக் கேட்காமல் குழந்தையோடு வந்து கதவைத் தட்டினாள். அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நீங்கள் சஞ்சிகையையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள்:

"அங்கிள், இந்த புக்கு ஜூன் மாசம் வந்தது. நீங்க நாடி எழுத ஆரம்பிச்சது ஏப்ரல் பதினேழு. ஏப்ரல்ல உங்களுக்கு இந்தக் குட்டி மெஷின் பத்தி என்னா தெரியும்?"

கெட்டிக்காரர், தம்பி. எங்கள் பட்டறையில் இருந்திருக்க வேண்டியவர்.

ஏப்ரல் பதினேழு காலை பூமணி பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்தாள். ரமணியின் பிரசவத்துக்குத்தானே, எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டேன். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தாள்.

"நான் இனி வரமாட்டன். இருக்கிற காலத்தை அங்கையே இருந்திட்டுப் போறன். உங்களோட இருந்தது போதும்."

குரலில் கோபம்கூட இல்லை. பெட்டியை நான்தான் தூக்கினேன். அவள் வண்டிக்கு என்று நினைத்து என் பின்னால் வந்தாள், நான் பின்னறைக்குப் போனேன். உள்ளே வந்ததைத் தேதி போட்டு எழுதுவது பட்டறைப் பழக்கம், கதவைப் பூட்டிய அன்றே நாடியையும் எழுதிவிட்டேன். சஞ்சிகை கைக்குக் கிடைக்கும்வரை, ஏன் பூட்டினேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. படித்த பிறகுதான் மனசு ஆறியது.

தேதியை மாற்ற வேண்டாம், அப்படியே எழுதுங்கள். அவளுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது, தம்பி. அத்தனையையும் அவள் கிள்ளானில் வீணாக்குவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?