கண் பட்ட பிள்ளை

கண்ணுக்குள் போடும் லென்ஸுக்கு உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று பலருக்குத் தெரிவதில்லை. விரல் நுனியில் நிறுத்திப் பாருங்கள். கிண்ணம் போல் நின்றால் சரி. விளிம்பு தட்டு மாதிரி விரிந்தால் திருப்பிப் போட வேண்டும். ஜார்ஜ்டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் பதினொரு வருடமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன், டீச்சர். என் தங்கை துளசிக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கு நானே போட்டுவிடுவேன்.

நேற்று நீங்கள் கடை மேசையில் வைத்த இரண்டு காலி உறைகளும் நான் பிரித்தவைதான். சுங்கை பாக்காப் ஆட்டத்தன்று அவசரத்தில் அவள் பையிலேயே போட்டுவிட்டேன். ஒன்றில் மூன்று, மற்றதில் ஒன்றரை. ஒரே பிள்ளைக்கு எதற்கு இரண்டு பவர் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி.

துளசிக்கு இரண்டு கண்ணுக்கும் மூன்றுதான் வேண்டும். ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மூளை இரண்டு கண்ணும் சொல்வதை ஒப்பிட்டுத் தெரிந்துகொள்கிறது. ஒரு கண் மங்கினால் அந்த ஒப்பீடு கெட்டுப்போகும். ஆனால் மங்கியது தெரியாது, நல்ல கண் எல்லாவற்றையும் வாசித்துவிடும். பஸ் நம்பர் தெரியும், கரும்பலகை தெரியும். ஓடிக்கொண்டே பந்து கொடுக்கும்போது மட்டும் அரையடி தவறும்.

கூடைப்பந்தில் ஆட்டத்தை நடத்திப் பந்து பிரித்துக் கொடுக்கும் பாயிண்ட் கார்டுக்கு அந்த அரையடிதான் எல்லாம். அதை எனக்குச் சொல்லித்தந்ததே அவளுக்குப் பயிற்சி தந்த நீங்கள்தான். அப்போது சொன்னீர்கள்:

"பதினேழு வயசுல இப்படி ஒரு பாயிண்ட் கார்டை நான் பாத்ததே இல்ல, ஜெகா. திரும்பிக்கூட பாக்காம பாஸ் குடுக்குறா. நவம்பர்ல கே.எல். அகாடமி செலக்‌ஷன். எடுத்துட்டாங்கன்னா ரெண்டு வருஷத்துல நாட்டுக்கு ஆடுவா லா. நீ நல்லா சாப்பாடு போடு, போதும்."

நல்ல சாப்பாடுதான் போட்டேன்.

எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் பன்னிரண்டாவது மாடி. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வருடம் ஆகிறது. அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அக்குளில் கை கொடுக்க, மற்றவர் முழங்காலைத் தாங்க, ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். ஒருமுறை தனியாக முயன்றேன். துளசி பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அவரும் நானும் தரையிலேயே கிடந்தோம். அங்கிருந்து பார்த்தால் சன்னலில் மலையின் உச்சி மட்டும் தெரியும். அவள் தலைநகரத்துக்கு, கே.எல்.லுக்குப் போன பிறகு யாரும் வரமாட்டார்கள் என்று அப்போது யோசித்தேன்.

அவளுக்காகவும்தான் யோசித்தேன். நட்சத்திரமாகப் போகிறவள் ஆயிரத்தில் ஒருத்தி. மற்றவர்கள் தெரியாத ஊரில் விழுவார்கள். வீட்டிலேயே மெதுவாக இறக்கிவைப்பது மேல்.

இடது கண்ணுக்கு ஆகஸ்டில் இரண்டரை. செப்டம்பரில் இரண்டு. அக்டோபரில் ஒன்றரை. படிப்படியாகக் குறைத்தால் தலைவலி வராது. அவளுக்கு வலிக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

"அக்கா, பந்து என் பேச்சையே கேட்க மாட்டேங்குது லா" என்றாள் முதலில். பிறகு ஒருநாள் கடைக்கே வந்தாள். முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம். இரண்டு கண்ணையும் திறந்தபடியே எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னேன். கடைசி வரிவரை வாசித்தாள்.

"கண்ணு நல்லாத்தான் வாசிக்குது, துளசி."

"அப்போ நான்தான் மோசமா?"

நான் எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

பக்கத்து வீட்டுக் குணவதி அக்காதான் காரணம் கண்டுபிடித்தார். "பேப்பர்ல படம் வந்துச்சுல்ல? கண்ணு பட்டுருச்சு. சுத்திப் போடு ஜெகா." கல்லுப்பும் மிளகாயும் எடுத்து, அவள் தலையை மூன்றுமுறை சுற்றி, நான்தான் நெருப்பில் போட்டேன். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். நெடி வரவில்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றார் அக்கா. பன்னிரண்டாவது மாடியில் சன்னலைத் திறந்தால் காற்று எல்லாவற்றையும் வெளியே இழுத்துக்கொள்ளும். திறந்து வைத்தது நான்தான். துளசிக்கு ஓர் ஆறுதல் வேண்டியிருந்தது.

செலக்‌ஷன் நீங்களும் பார்த்தீர்கள். அவள் கொடுத்த பந்தெல்லாம் எதிரணியின் கைக்கே போயிற்று. விசில் ஊதியதும் நடுவில் நின்று தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை. அதைத்தான் நான் பரிசோதித்துச் சொல்லியிருந்தேனே.

மறுநாள் காலையிலேயே இடது கண்ணுக்கு மூன்று போட்டுவிட்டேன். தேவைக்கு மேல் ஒரு நாள்கூட வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை. இப்போது அப்பாவின் முழங்கால் பக்கம் அவள்தான்.

நேற்று நீங்கள் போன பிறகு நானும் வீட்டுக்குப் போனேன். கேட்டைப் பூட்டச் சாவி கேட்டேன். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே தோளுக்கு மேலாக எறிந்தாள். சாவி என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. நான் கையை அசைக்கக்கூட இல்லை.

பார்த்தீர்களா டீச்சர், நான் அவளிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. எல்லாம் அப்படியே இருக்கிறது, வீட்டிலேயே.