சட்டைப் பையில் இருந்த சிவப்பு அட்டை

என் பெயரும் முகவரியும் வாக்குமூலப் படிவத்தில் தனியே பதிவாகியுள்ளன. வயது அறுபத்தொன்பது. மனைவி காலமாகிவிட்டார், தனியே வசிக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் கருவிப் பராமரிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, ஒப்பந்தத்தில் தொடர்கிறேன். எதையும் இருமுறை சரிபார்ப்பதால் அங்கே என்னை 'ரெண்டு தடவை' என்பார்கள்.

இறந்துபோன ஆய்வு மாணவி, சில அணுக்களே தடிமனுள்ள இரண்டு ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கணினிக்கான நினைவகம் செய்துகொண்டிருந்தார். வெளியிலிருந்து காந்தம் காட்டாமல், மின்னோட்டத்தால் மட்டுமே ஓர் ஏட்டின் காந்தத் திசையைத் திருப்ப வேண்டும்; மின்சாரத்தை நிறுத்தினாலும் அது அப்படியே நிற்க வேண்டும். குளிரூட்டத் திரவ நைட்ரஜன் ஊற்றுவோம். அது ஆவியாகி அறையில் ஆக்சிஜனைக் குறைத்துவிடும் என்பதால் சுவரில் எச்சரிக்கை மணி உண்டு.

சம்பவத்தன்று காலை பதினொன்று பத்துக்கு, அந்த மணிக்கு வரும் மின்சாரத்தால் அளவீட்டில் மின் இரைச்சல் கலப்பதைக் கண்டு அதன் பிளக்கை நான்தான் பிடுங்கினேன். மாணவி நுண்ணோக்கியில் குனிந்திருந்தார், அவரிடம் சொல்லவில்லை. அதன்பின், எதைப் பிடுங்கினாலும் செய்வதுபோல, திரும்பச் செருக மறந்து வீட்டுக்குப் போய்விடாதபடி ஒரு சிவப்பு அட்டையைச் சட்டைப் பொத்தானில் கட்டிக்கொண்டேன். அதன்பின் திரையில் கோடு தெளிந்தது. சோதித்த பதினேழு முறையும் காந்தத் திசை திரும்பியது; அப்படியே நின்றது. மாணவி கைதட்டினார்.

"ஃபோட்டோ எடுக்கணும், அந்த அட்டையக் கழட்டுங்க சார். விலைச்சீட்டு மாதிரி இருக்கு. தள்ளுபடியில கூட உங்கள யாரும் வாங்க மாட்டாங்க" என்றார். நானும் சிரித்துக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.

அதன்பின் ஒரு மணிக்கு, மருத்துவரைப் பார்க்கக் கிளம்பினேன். வாசலில் ஏதோ விட்டுப்போன உணர்வு வந்து நின்றேன். "என்ன, ரெண்டாவது தடவையா? நான் பாத்துக்கறேன், போங்க சார்" என்றார். உள்ளே திரும்ப வெட்கமாக இருந்தது. போய்விட்டேன். மூன்று மணிக்கு, சாத்திய அறையில் நைட்ரஜன் கலனருகே அவர் கிடந்ததாகக் காவலாளி தொலைபேசியில் சொன்னார்.

மாணவியே மணியை நிறுத்தியதாகத் துறைத் தலைவர் எழுதிக் கொடுத்துள்ளார். என்னிடம், "போன பொண்ணு திரும்பி வரப்போறதில்ல. நீங்க ஏன் மாட்டிக்கறீங்க?" என்றார். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். நேற்று மாணவியின் தகப்பனார், "எம்பொண்ணு அவ்வளவு அஜாக்கிரதையானவளா சார்?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அவருக்கான பதில் இது.

அட்டையை ஒப்படைக்கிறேன்.

மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். அத்தனையும் உண்மை. திருத்த ஏதுமில்லை.

(கையொப்பம்)