இருநூறு நாள் தாண்டிய மனு

— அதே கேள்வியத்தாங்க மறுபடி கேக்கணும். மனுதாரர் குமாரசாமி, ஜேடர்பாளையம். தெருவிளக்கு மனுமேல எடுத்த நடவடிக்கை திருப்தியா, திருப்தி இல்லையா?

— இருங்க அம்மணி, சாணி அள்ளுன கை, கழுவிக்கிட்டு வாரேன்... ம். ரஞ்சனிதானுங்களே?

— ரஞ்சனிதாங்க ஐயா. நிலுவை மனுப் பிரிவு.

— போன வாரம் ஒருத்தரு போன்ல பேசுனாருங்க. காலதாமதப் பிரிவுன்னாரு. ஏன் தாமதமாச்சுன்னு என்னையக் கேக்கறாரு.

— அது புதுசாப் போட்டதுங்க. தாமதத்துக்குக் காரணம் எழுதறதுக்கு.

— பொறவு ஒரு அம்மா பேசுனாங்க.

— அவங்க கண்காணிப்புங்க. காலதாமதப் பிரிவு மரியாதையாப் பேசுச்சான்னு கேக்கறவங்க.

— ஒத்தப் பல்புக்கு எத்தன பிரிவுங்க?

— என்னையும் சேத்து ஏழு.

— எங்கூட்டுக்காரி போனப்பக்கூட இத்தன பேரு விசாரிக்கலீங்க. பையன் போர் போடற ரிக்கு வண்டியோட ராய்ப்பூர்ப் பக்கம் கெடக்கறான். மாசத்துக்கு ஒருக்காப் பேசுனா உண்டு. ஆமா, உங்கூரு தம்மம்பட்டியில மழைங்களா?

— தெரியலைங்க, ஊருக்குப் போயி மூணு மாசமாச்சு. இங்க நாமக்கல்லயே மழை வந்தாத் தெரியாதுங்க. இந்த ரூமுக்கு ஜன்னல் இல்லை.

— சாப்டீங்களா?

— டீ மட்டுந்தாங்க. நாலு டேபிள் இருந்துச்சு, மூணு பேரைப் புதுப் பிரிவுக்குத் தூக்கிட்டாங்க. தனியா உக்காந்து சாப்பிட... ஐயா, பேச்ச மாத்தாதீங்க. லைன்மேன் அனுப்புன போட்டோவுல விளக்கு எரியுது. அனுப்பி எட்டு மாசமாச்சு.

— போட்டோவுல எரியுமுங்க.

— நேர்ல?

— மணி பதினொண்ணுங்க. வெய்யிலு மண்டையப் பொளக்குது. இப்பப் போயி வெளக்கக் கேட்டா நா என்னத்தச் சொல்ல?

— ராத்திரியில எரியுதாங்க?

— இருங்க அம்மணி, மாடு கயித்த இழுக்குது.

— நீங்க திருப்தி இல்லைன்னு சொல்லச் சொல்ல மனு மேல மேல போயிட்டே இருக்குங்க. இப்ப அந்த லைன்மேன் செங்கோடனுக்கு மெமோ டைப் அடிச்சு வச்சிருக்காங்க. இன்னிக்கும் நீங்க திருப்தி இல்லைன்னா அவருக்கு இன்கிரிமென்ட் நிப்பாட்டிருவாங்க.

— செங்கோடனுக்கா? அவரு என்னங்க பண்ணுனாரு? கொட்டற மழையில கம்பத்துல ஏறி மாட்டிக் குடுத்தாரு. எங்கூட்டுல ஒரு நாழி உக்காந்து பேசிட்டுத்தான் போனாரு.

— அப்ப எரியுது.

— எரியுதுங்க. அன்னிக்கிருந்தே.

— பின்ன ஏங்க ஐயா எட்டு மாசமா இப்படி?

— திருப்தின்னு சொல்லிப்போட்டா மறுக்கா ஆருங்க கூப்புடுவா?

— ...இதை எழுத என் படிவத்துல எடம் இல்லைங்க ஐயா.

— தெரியுமுங்க. திருப்தின்னே போட்டுக்குங்க.

— போட்டாச்சுங்க. மனு முடிஞ்சது.

— செங்கோடனுக்கு இனி ஒண்ணும் வராதில்லீங்க?

— வராதுங்க. வச்சிடட்டுங்களா?

— நீங்கதான் வெக்கோணும் அம்மணி. நா எப்பவும் வெக்கறதில்லை.

— ...வேற குறை ஏதாச்சும் இருக்குங்களா? இது படிவத்துல இல்லை. நானாத்தான் கேக்கறேன்.

— ஒண்ணு இருக்குதுங்க. அந்த வெளக்கு பகல்லயும் எரியுது. இந்த வெய்யில்லயும் எரிஞ்சுக்கிட்டேதான் நிக்குது.

— எத்தனை நாளாங்க?

— மாட்டுன நாள்லருந்து.

— இவ்வளவு நாளாச் சொல்லவே இல்லையே?

— இது தீந்துட்டாக் கையில இன்னொண்ணு வேணுமில்லீங்க. செங்கோடனுக்கு இதுல வம்பு ஒண்ணும் வராதே?

— வராதுங்க, சுவிட்சு பஞ்சாயத்தோடது. ஆனா புது மனுன்னா மொதப் பிரிவுலருந்து வரணும். இருநூறு நாள் தாண்டினாத்தான் என் டேபிளுக்கே வரும்.

— அதுக்குள்ள ஆராச்சும் வந்து அணைச்சுப்போட்டா?

— பயப்படாதீங்க ஐயா. நாங்க ஏழு பிரிவு இருக்கோம்.